பசை உருண்டைக்கு ஒரு பாராட்டு விழா

என் கணவர் தம்புசாமிக்கு மாதத்தில் ஒருவரையாவது பாராட்டாவிட்டால் உடம்புக்கு ஆகாது. கிள்ளானை ஒட்டிய எங்கள் ஊரின் பண்டமாரான் இந்தியர் நல்வாழ்வுச் சங்கத்துக்கு அவர் தலைவரானதிலிருந்து இந்த வட்டாரத்தில் மாலை விழாத கழுத்து குறைவு. தேர்வில் நன்றாக எழுதிய பிள்ளைகள், இரத்த தானம் கொடுத்தவர்கள், கனரக லோரி ஓட்ட உரிமம் எடுத்த பெண் என்று வரிசையாகப் பாராட்டினார். ஆள் அகப்படாத ஒரு மாதத்தில் சங்கக் கட்டடத்தின் ஒழுகும் கூரையை அடைத்துக் கொடுத்தவரை மேடையேற்றிப் பொன்னாடை போட்டார். அடுத்த மழைக்கே கூரை மறுபடியும் ஒழுகியது. அதைச் சொன்னால் என்மேல் பாய்வார்.

இப்படி ஊரையெல்லாம் பாராட்டியவருக்குச் சொந்த மகளைப் பாராட்ட மட்டும் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் ஒரே மகள் மாதவி கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். சனிக்கிழமைகளில் கொமுட்டர் ரயில் பிடித்து கிள்ளானில் இறங்கி வீட்டுக்கு வருவாள். அவள் முனைவர் பட்டம் வாங்கியபோது, இனிப் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்து இவர் குதித்த குதி கொஞ்சமில்லை. அந்த வாரமே பக்கத்து வீட்டு உஷாராணி முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றாள். மாதவி அந்த டாக்டர் இல்லை என்று அவளிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. இவர் முகம் அன்றைக்குத் தொங்கியதுதான்.

போதாக்குறைக்கு, சங்கத்தின் செயலாளர் அய்யாவுவின் மகள் மாத்திரை கொடுக்கிற டாக்டராகவே ஆகிவிட்டாள். போன வருடம் அவளுக்கு விழா எடுத்தார்கள். தலைவர் என்ற முறையில் இவர்தான் மாலை போட்டார். வாழ்த்திப் பேசும்போது சிரித்த முகமாகத்தான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

மாதவி தேடுவது என்னவென்று நான் ஓரளவுக்குச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். புரியாததைப் புரிந்த மாதிரி சொல்லும் சாமர்த்தியம் எங்கள் தொழிலில் தானாக வந்துவிடும். அணுவின் நடுவில் புரோட்டான் இருக்கிறது. அதற்குள் குவார்க் என்று சில பொடிசுகள். அந்தப் பொடிசுகள் பிரிந்து ஓடிவிடாமல் ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது குளுவான். பசை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வீட்டுப் பசைக்கு ஒட்டுவதற்கு ஏதாவது பொருள் வேண்டும். குளுவான் தன் இனத்தோடு தானே ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் குவார்க் ஒன்றுகூட இல்லாமல் வெறும் குளுவான்களே சேர்ந்து ஓர் உருண்டையாக இருக்க வேண்டுமல்லவா? இருக்கும் என்றுதான் கணக்கு சொல்கிறது. ஏறக்குறைய ஐம்பது வருடமாக உலகம் முழுவதும் தேடுகிறார்கள். இதுதானோ என்று சிலவற்றைக் காட்டியிருக்கிறார்கள். இதுவேதான் என்று எல்லோரும் தலையாட்டுகிற மாதிரி இன்னும் ஒன்றும் அமையவில்லை.

தேடுவதில் தொல்லை என்னவென்றால், அது பிறந்த நொடியே சிதறிவிடும். சிதறிய துண்டுகளைக் கூட்டிக் கழித்துத்தான் வந்தது யாரென்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு எச்சில் இலைகளைப் பார்த்து யார் யார் சாப்பிட்டார்கள் என்று சொல்கிற வேலை. அதே எடையில் சாதாரணத் துகள்களும் பக்கத்திலேயே நிற்கும், ஒன்றோடு ஒன்று கலந்தும் தொலைக்கும். வெளிநாட்டில் ஒரு பெரிய கருவியில் துகள்களை மோதவிட்டுத் தரவு எடுக்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த கூட்டுக்குழு அது. அந்தத் தரவில் ஒரு பகுதியைக் கணினியில் சலித்துப் பார்ப்பது மாதவியின் வேலை. எட்டு வருடமாகச் சலிக்கிறாள்.

அந்தக் குளுவான் உருண்டைக்கு இவர் தமிழில் வைத்த பெயர் 'பசை உருண்டை'. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால், பெரிய வேலை என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துச் சாலையின் நெரிசலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை வாய்தவறி அய்யாவுவிடம் விளக்கம் சொல்லப்போய், அந்தப் பசை சங்கத்து நாற்காலியின் உடைந்த காலை ஒட்டுமா என்று அவர் கேட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை மீன் கறி ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டே மாதவி ஒரு விஷயம் சொன்னாள். அவள் போடும் வரைபடத்தில் ஒரு குறிப்பிட்ட எடையில் சின்ன மேடு ஒன்று தெரிகிறதாம். பசை உருண்டை எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறதோ, கிட்டத்தட்ட அங்கேயே. அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். இப்படிப்பட்ட மேடுகள் தற்செயலாகவும் வரும், புதிதாக வந்த தரவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையா பொய்யா என்று தெரியும், அதுவரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்றாள். நான் முழுவதையும் கேட்டேன். என் வீட்டுக்காரர் 'மேடு தெரிகிறது' என்பது வரை கேட்டார். கை கழுவப் போகிறேன் என்று எழுந்தவர் வாசலில் நின்று அய்யாவுவுக்குப் போன் போட்டது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

மகளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கப் போகிறாராம். அதனால் வீட்டில் யாருக்கும் சொல்லாமலே ஏற்பாடு செய்தார். வேறு எந்த ரகசியத்தையும் கட்டிக்காக்கத் தெரியாதவருக்கு இது மட்டும் எப்படி முடிந்ததோ. விழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை மாலையில், மாதவி கையில் போனை நீட்டிப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தாள். ரயிலில் வரும்போது பள்ளித் தோழி ஒருத்தி விழாவின் அழைப்பிதழை அனுப்பியிருக்கிறாள். அதில் சிறப்பு விருந்தினர், அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர், டத்தோ பரமேஸ்வரனின் படம் பெரிதாக இருந்தது. பக்கத்தில் என் கணவரின் படம், அதைவிடக் கொஞ்சம் சிறிதாக. கீழே ஓர் ஓரத்தில், தபால்தலை அளவில், யாருக்கு விழாவோ அவள். 'அறிவியல் சாதனை புரிந்த நமது மண்ணின் மகளுக்கு மாபெரும் பாராட்டு விழா. ஞாயிறு காலை பத்து மணி. மதிய உணவு வழங்கப்படும்' என்று போட்டிருந்தது.

என்ன சாதனை என்று மாதவி கேட்டாள். இவர் பெருமையோடு தன் போனை எடுத்து, மண்டபத்து மேடையில் கட்டியாகிவிட்ட பேனரின் படத்தைக் காட்டினார். முழம் உயர எழுத்தில், 'பசை உருண்டையைக் கண்டுபிடித்த பண்டமாரான் மங்கை முனைவர் மாதவி' என்று இருந்தது.

மாதவி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூட்டுக்குழுவின் விதியைச் சின்னக் குரலில் சொன்னாள். எந்த முடிவானாலும் உள்ளுக்குள் எல்லோரும் துருவிப் பார்த்து, குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே போகலாம். அதற்கு முன்னால் யாராவது தனியாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டால் அவர் அந்த ஆய்விலேயே இருக்க முடியாது. பத்திரிகையில் அவள் பெயரோடு வந்துவிட்டால், போட்டது அப்பாதான் என்று சொல்லி யாரை நம்பவைப்பது?

"அப்பா, இது வெளிய வந்துச்சுன்னா என்னை எடுத்துடுவாங்க. எட்டு வருஷ வேலைப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாயில் வந்ததையெல்லாம் இவரைப் பார்த்துச் சொன்னேன், இங்கே எழுத முடியாததையும் சேர்த்து. எல்லாவற்றையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். விழாவை நிறுத்து என்றேன். டத்தோ தேதி கொடுத்துவிட்டார், இருநூறு பேருக்குச் சமையல் சொல்லியாகிவிட்டது என்றார். பேனரை மாற்று என்றேன். பேனர் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பேனரே இல்லாமல் நடத்து என்றேன். பேனர் இல்லாத மேடையில் டத்தோவை உட்காரவைத்தால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்றார். அது உண்மைதான் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கடைசியில், மேடையில் இதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன் என்று மகளின் கையைப் பிடித்துச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முடிந்துபோன பந்தாட்டத்தை ஒருவன் டிவியில் ஆசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், எத்தனைக்கு எத்தனை என்று அவன் காதில் போடாமல் அந்த இடத்தைக் கடந்து போகத் தெரியாத மனிதர் இவர்.

ஆகவே நானே களத்தில் இறங்கினேன். முதல் காரியமாக அலங்காரக்காரப் பெண்ணைப் பிடித்து ஒரு பெரிய பலூன் வளைவு கேட்டேன். அதைப் பேனருக்கு முன்னால், மேல் வரி மறையும்படி சரியாக நடுவில் நிறுத்தச் சொன்னேன். 'பண்டமாரான் மங்கை முனைவர் மாதவி' மட்டும் கீழே தெரிந்தால் போதும். உள்ளூர்ச் செய்தியாளர் சிவநேசன் வருவார். அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார். பேனரைப் படம் பிடித்துக்கொண்டு போய், அதில் இருப்பதைச் செய்தியாக எழுதிவிடுவார்.

இரண்டாவது காரியம், பேச்சாளர்களைக் கூட்டியது. எங்கள் விழாக்களைப் பற்றி எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு. விழா நாயகர் என்ன செய்தார் என்பதை எங்கள் மேடையில் யாரும் பேசமாட்டார்கள். நேரம் இருக்காது. எவ்வளவு பேர் பேசுகிறார்களோ அவ்வளவுக்கு மாதவிக்குப் பாதுகாப்பு. கோயில் நிர்வாகக் குழுத் தலைவர், மகளிர் பிரிவுத் தலைவி, முன்னாள் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் போன் போட்டு வாழ்த்துரைக்குக் கூப்பிட்டேன். எல்லோரும் உடனே சரி என்றார்கள். மாதவி என்ன செய்தாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைமையாசிரியர் மட்டும், தனக்கு முன்னால் பேசுவது யார் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. சாப்பாடு உண்டு என்று அழைப்பில் போட்டால் நிறையத்தான் செய்யும். மாதவி நீலப் பட்டுச்சேலையில் மேடையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். டத்தோ ஒரு மணி நேரம் தாமதமாக உருமி மேளத்தோடு வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரிசையாகப் பொன்னாடை போட்டார்கள். மேடையில் யாருக்குப் போட்டாலும் தலைவருக்கும் ஒன்று போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் சங்கத்தில் எழுதப்படாத சட்டம். இவருக்கும் மஞ்சளில் ஒன்று விழுந்தது.

என் நம்பிக்கை வீண்போகவில்லை. கோயில் தலைவர் தேர்த் திருவிழாவில் வண்டிகளைக் கண்டபடி நிறுத்துவதைக் கண்டித்துப் பேசினார். மகளிர் பிரிவுத் தலைவி தன் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு எல்லோரையும் அழைத்தார். முன்னாள் தலைவர் இந்தச் சங்கத்தைத் தான் எப்படிச் செங்கல் செங்கலாகக் கட்டினார் என்று சொல்லி, இப்போதைய தலைவரைப் பார்க்காமலே உட்கார்ந்தார். தலைமையாசிரியர் இந்தக் காலத்தில் தலைமையாசிரியர்களுக்கு மரியாதை இல்லை என்று அரை மணி நேரம் நிறுவினார். மாதவியின் பெயரை இருவர் சொன்னார்கள். அதில் ஒருவர் 'மாலதி' என்றார். முன்வரிசையில் சிவநேசன் கண்ணை மூடிவிட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நான் கணக்கில் விட்டது சூட்டைத்தான். தகரக் கூரை போட்ட மண்டபம், மேடைக்கு மேலே இரண்டு விளக்குகள் வேறு. நண்பகல் நெருங்கியதும் பலூன்கள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்தன. முதல் பலூனுக்கு டத்தோவின் ஓட்டுநர் வாசலிலிருந்து மேடைக்கு ஓடிவந்தார். இரண்டாவதில் 'க' வெளியே வந்தது. அடுத்ததில் 'பி'. அய்யாவு நல்லெண்ணத்தோடு மேடையேறி வளைவை ஓரமாக நகர்த்தப் போனார். நான் கீழேயிருந்து கண்ணை உருட்டி அவரை இறங்கவைத்தேன். சரியாக டத்தோ சிறப்புரைக்கு எழுந்தபோது நாலைந்து பலூன்கள் சேர்ந்தாற்போல வெடித்தன. டத்தோ திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். வளைவின் நடுவில் பெரிதாக ஓட்டை விழுந்து, அதற்குள் 'கண்டுபிடித்த' என்ற சொல் ஓர் எழுத்துக் குறையாமல் தெரிந்தது.

டத்தோ பரமேஸ்வரன் கெட்ட மனிதர் இல்லை. எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகப் படிப்பவர். அன்று எழுதிக் கொடுக்கிறவனுக்குக் காய்ச்சல். பேச எதுவும் கையில் இல்லாத மனிதருக்கு அந்தச் சொல் கண்ணில் பட்டது.

"தலைவரே, கண்டுபிடித்தன்னு போட்டிருக்கு. என்ன கண்டுபிடிச்சாங்க? நீங்களே சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன் லா" என்று மைக்கை நீட்டினார்.

சிவநேசன் விழித்துக்கொண்டார். போனைத் தூக்கிப் பிடித்தார்.

என் கணவர் எழுந்தார். இந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். கையில் மைக். எதிரே இருநூறு பேர். கேட்பவர் டத்தோ. முதல் வரிசையில் டாக்டர் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அய்யாவு. நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். 'அது வந்து டத்தோ' என்று ஆரம்பித்தே விட்டார். நெஞ்சுகூட முன்னால் வந்துவிட்டது. அப்புறம் மாதவி இருந்த பக்கம் திரும்பினார். எச்சில் விழுங்கினார். மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது.

"என் மக இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல டத்தோ. பேனர்ல தப்பாப் போட்டுட்டோம். போடச் சொன்னது நான்தான்."

மண்டபத்தில் சலசலப்பு. அய்யாவு மகளின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். டத்தோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மரியாதையாகவே, அப்படியென்றால் எதற்கு விழா என்று கேட்டார்.

"தேடுறா டத்தோ. எட்டு வருஷமாத் தேடிக்கிட்டே இருக்கா. கிடைச்சிட்டா எல்லாரும் மாலை போட வருவீங்க. கிடைக்காம வீட்டுக்கு வர்ற நாள்ல நான்தானே போடணும்" என்றார். மைக்கை டத்தோவின் கையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

டத்தோ வேறு வழியில்லாமல் கைதட்டினார். டத்தோ தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். பிறகு அவர் தன் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்ந்து வெகுநேரம் பேசினார். சிவநேசன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றும் கண்டுபிடிக்காத பெண்ணைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? மாதவி தப்பித்துவிட்டாள் என்று எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஏற்புரைக்கு எழுந்தவள் நன்றி என்பதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நிகழ்ச்சி நெறியாளர் அறிவித்தார்.

பந்தியில் இவர் எல்லோருக்கும் பரிமாறினார், தான் சாப்பிடவில்லை. பாயசத்தைக் குடித்துக்கொண்டே அய்யாவு, அடுத்த தடவை கிடைத்த பிறகு விழா வைத்துக்கொள்ளலாம் தலைவரே என்றார். தலைமையாசிரியர், இந்த மாதிரி நிலைமையில் பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று விசாரித்தார். இவர் பாயச வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. முதல் நாள் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நாங்கள் மூன்று பேர்தான். இவர் ஓட்டினார், நான் பக்கத்தில், மாதவி பின்னால். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளுக்கு நடுவில் கார் ஊர்ந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் இவர் புலம்ப ஆரம்பித்தார். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பொய் சொல்லிவிட்டாராம். ஊருக்கு முன்னால் நின்று, பெற்ற மகள் கண்டுபிடித்ததைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டாராம். அய்யாவு சிரித்தது பெரிதில்லை, இதுதான் நெஞ்சை அறுக்கிறது என்றார்.

"நீங்க பொய் சொல்லலப்பா" என்றாள் மாதவி.

இவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"காலையிலதான் எங்க குழுவுல இருந்து செய்தி வந்துச்சு. புதுத் தரவையும் சேர்த்துட்டாங்க. மேடு கரைஞ்சு போச்சு. அங்க ஒண்ணும் இல்லப்பா. சும்மா தற்செயலா வந்ததுதான்."

இவர் காரைச் சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். முதலில் அந்த முகத்தில் வந்தது நிம்மதி என்றால் நம்புவீர்களா? அப்போ நான் சொன்னது உண்மையா, விளக்குக்கு முன்னால் உண்மையைத்தான் சொன்னேனா என்று என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டார். பல்லெல்லாம் தெரிந்தது. தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அப்புறம்தான் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

மாதவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போய்விட்டதா என்று கேட்டார். எல்லாம் போகவில்லை, அந்த இடத்தில் இல்லை என்று தெரிந்துவிட்டது, இனி வேறு இடத்தில் தேட வேண்டும் என்றாள். முதலில் இருந்தா என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. காலையிலேயே தெரிந்து, அந்தப் பேனருக்குக் கீழே, அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருந்திருக்கிறாள். பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இவர் இறங்கினார். கொளுத்துகிற வெயிலில் காரைச் சுற்றிப் போய்ப் பின் கதவைத் திறந்தார். தன் தோளில் இன்னும் கிடந்த மஞ்சள் பொன்னாடையை எடுத்து உதறி, குனிந்து மகளுக்குப் போர்த்தினார்.

"மேடையில பொய்னு நெனச்சுக்கிட்டுச் சொன்னேன்மா. இப்ப உண்மைனு தெரிஞ்சே சொல்றேன்" என்றார். பிறகு அதே வார்த்தைகளை, எட்டு வருடமாகத் தேடுகிறாள் என்பதிலிருந்து, ஒன்று விடாமல் மறுபடியும் சொன்னார். மைக் இல்லாததால் குரல் தடுமாறியது. ஒரு லோரிக்காரர் ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். இவர் நகரவில்லை. மாதவி அந்தப் பொன்னாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கைதட்டுவதற்கு அங்கே என்னைத் தவிர ஆளில்லை. தட்டினேன்.